சிந்தனைக்கு இலக்கணம் வகுத்த ஜார்ஜ் பூல்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இடம்பெறத் தக்க பெரியோர் பலர். அவர்களுள் நம் மக்களின் உரிமைக்குப் போராடிய தலைவர்களை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். ஆண்டுதோறும் அவர்தம் பிறந்த நாளில் கூடி அவர்களை நினைவுகூர்கின்றோம். இக்கட்டுரையில் கூறப்படுபவர் அயல்நாட்டவர். அவர் போராட்டக் களத்தில் நின்றவரும் அல்லர். கணிதமும் கணிப்பொறியியலும் பயிலும் மாணவர்கள் பூலியன் இயற்கணிதம் என்ற தலைப்பில் அவர் பெயரைக் கண்டிருப்பர். ஆனால் அப்பெயருக்கு உரியவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன் என்பதையும், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலாதவர் என்பதையும் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. மொழி, தருக்கம், பொருள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை உலகுக்குப் புதிய முறையில் காட்டியவர் அவரே.

பிறப்பும் வளர்ப்பும்

ஜார்ஜ் பூல் 1815ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இங்கிலாந்தில் லிங்கன் என்னும் நகரில் பிறந்தார். தந்தை ஜான் பூல் காலணி செய்து விற்பவர். தாய் மேரி ஆன், திருமணத்திற்கு முன் செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். இங்கு ஒன்றை மறவாது கூறுதல் வேண்டும். அந்நாட்டில் தோல் தொழில் செய்தவர் ஏழையாக இருந்தார். மதிப்புக் குறைந்தவராகவும் கருதப்பட்டார். எனினும் அவரைத் தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தும் கொடுமை அங்கு இல்லை. ஆகவே பூலின் துன்பமும் நம் முன்னோர் பட்ட துன்பமும் ஒரே தன்மையன அல்ல. வறுமை அடைத்த கதவுகளைத் திறந்தவர் என்ற அளவில் அவர் வரலாறு நமக்குப் பயன்படும்.

தந்தையாருக்குத் தொழிலைவிட அறிவியலில் நாட்டம் மிகுதி. தம் கையால் தொலைநோக்கிகள் செய்தார். அவற்றின் வழியே விண்ணைக் காண வருமாறு ஊர் மக்களை அழைத்தார். கடை வளரவில்லை, மகனின் அறிவு வளர்ந்தது. கணிதத்தின் முதற்பாடங்களை ஜார்ஜ் தந்தையிடமே கற்றார். தந்தையின் நண்பரான வில்லியம் புரூக் என்னும் புத்தக வணிகர் இலத்தீன் மொழியின் தொடக்கத்தைக் கற்பித்தார். கிரேக்க மொழியைப் பூல் எவர் துணையுமின்றித் தாமே கற்றார். பின்னர்ப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகியவற்றையும் அவ்வாறே கற்றுக்கொண்டார்.

பதினான்கு வயதில் அவர் ஒரு கிரேக்கக் கவிதையை ஆங்கிலச் செய்யுளாக மொழிபெயர்த்தார். மகிழ்ச்சியுற்ற தந்தை அதனை உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு அனுப்ப, அது அச்சாயிற்று. உடனே ஒரு பள்ளி ஆசிரியர், பதினான்கு வயதுச் சிறுவனால் இதனைச் செய்திருக்க இயலாது என்று மறுத்து எழுதினார். தொழிலாளி வீட்டுப் பிள்ளை சிறந்த ஒன்றைச் செய்துவிட்டால் அதனைப் பாராட்டுவதற்கு முன் ஐயுறுவது எந்நாட்டிலும் காணப்படும் வழக்கம் போலும்! இந்த ஐயத்தை நம் மாணவர்களும் அறிவர். பூல் மேலும் கற்பதையே தம் மறுமொழியாகக் கொண்டார்.

ஆசிரியப் பணி

தந்தையின் தொழில் நொடித்தது. 1831இல், தம் பதினாறாம் வயதில், பெற்றோரையும் உடன்பிறந்தார் மூவரையும் காக்கும் பொறுப்பு மூத்த மகனான பூலின் தோள்மீது விழுந்தது. டான்காஸ்டர் நகரில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். குறைந்த ஊதியத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்க வேண்டும். மற்ற நூல்கள் விரைவில் படித்து முடிந்துவிடும். கணித நூல் ஒன்றை வாங்கினால் நெடுநாள் படிக்கலாம். ஆகவே அதுவே சிக்கனம் என்று கருதிக் கணித நூல்களை வாங்கினார் என்று கூறுவர். நுண்கணிதம் பற்றிய பிரெஞ்சு நூல்களைப் பல ஆண்டுகள் தனியே முயன்று கற்றார்.

1834இல், பத்தொன்பது வயதில், லிங்கன் நகரில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் அந்நகரில் தொழிலாளர் அறிவு பெறுவதற்கென ஒரு கல்விக் கழகம் தோன்றியிருந்தது. நூலகம், படிப்பகம், மாலை நேரச் சொற்பொழிவு ஆகியவை அதன் பணிகள். பூலின் தந்தை அதன் காப்பாளராக இருந்தார். அந்நூலகமே பூலின் பல்கலைக்கழகம் ஆயிற்று. சர் எட்வர்ட் புரோம்ஹெட் என்னும் அறிஞர் தம் கணித நூல்களை அவருக்குக் கொடுத்து உதவினார். 1835இல் அக்கழகத்தில் ஐசக் நியூட்டனைப் பற்றிப் பூல் ஆற்றிய உரை அச்சாகி வெளிவந்தது. ஒரு சிறு நகரத்துக் கல்விச் சங்கமும் அதன் சில அலமாரிப் புத்தகங்களும் என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு இவர் வரலாறே விடை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேரும் எண்ணம் அவருக்கு ஒருமுறை எழுந்தது. தம் பள்ளி வருவாயை நம்பியிருந்த குடும்பத்தை விட்டுச் செல்ல இயலாமல் அதனைக் கைவிட்டார். எனினும் கேம்பிரிட்ஜ் கணித இதழின் ஆசிரியர் டங்கன் கிரகரி அவருடைய திறனை உணர்ந்து கட்டுரைகளை வெளியிட்டார். 1844இல் பூல் எழுதிய நீண்ட ஆராய்ச்சிக்கு இலண்டன் அரச கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. அப்போது அவர் ஒரு பள்ளி ஆசிரியர், வயது இருபத்தொன்பது.

தாம் உயர்ந்த பின் பிறரை மறந்தவரும் அல்லர். கடைகளில் நள்ளிரவு வரை உழைத்த பணியாளர்களுக்கு வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுந்த இயக்கத்தை ஆதரித்தார். ஓய்வு நேரத்தை நன்கு பயன்படுத்துவது எப்படி என்பது பற்றி 1847இல் அத்தொழிலாளர்களிடையே உரையாற்றினார்.

தருக்கத்தின் பக்கம் திரும்புதல்

அதே 1847ஆம் ஆண்டில்தான் பூலின் புகழ்பெற்ற ஆராய்ச்சி தொடங்கிற்று. ஸ்காட்லாந்துத் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டனுக்கும் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கனுக்கும் தருக்கவியல் பற்றி ஒரு பூசல் எழுந்தது. இந்த டி மார்கன் 1806இல் நம் மதுரையில் பிறந்தவர் என்பது தமிழர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. அவர் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவர். குழந்தைப் பருவத்திலேயே டி மார்கன் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அப்பூசலைக் கண்ட பூலின் மனத்தில் பழைய எண்ணம் ஒன்று மீண்டும் எழுந்தது. எண்களைக் குறிகளால் எழுதிக் கணக்கிடுவது போல, சொற்களால் நாம் செய்யும் சிந்தனையையும் குறிகளால் எழுதிக் கணக்கிட இயலாதா என்பதே அவ்வெண்ணம். உடனே ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அதனை விரிவாக்கி 1854இல் சிந்தனையின் விதிகள் பற்றிய பெருநூலை எழுதினார். அரிஸ்டாட்டில் காலம் முதல் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தத்துவ அறிஞர்களின் உடைமையாக இருந்த தருக்கம், அன்று முதல் கணிதத்தின் ஒரு பகுதியும் ஆயிற்று.

மொழி என்னும் கருவி

மொழி என்பது நம் எண்ணத்தைப் பிறருக்குத் தெரிவிக்கும் வாயில் மட்டுமே என்று பலர் கருதுவர். பூல் அதற்கு மேலும் ஒரு படி சென்றார். நாம் தனியே அமர்ந்து சிந்திக்கும்போதும் மொழியைக் கொண்டே சிந்திக்கின்றோம். ஆகவே மொழி சிந்தனையின் கருவி என்றார். தச்சனுக்கு உளி போன்றது சிந்திப்பவனுக்குச் சொல். உளியின் இயல்பை ஆராய்ந்தால் தச்சு வேலையின் இயல்பு விளங்குவது போல, சொற்கள் எவ்வாறு கூடுகின்றன என்பதை ஆராய்ந்தால் சிந்தனையின் விதிகள் விளங்கும் என்பது அவர் கொள்கை.

அவர் காட்டிய எளிய எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். வெள்ளையான பொருள்கள் அனைத்தையும் க என்ற எழுத்தாலும், ஆடுகள் அனைத்தையும் ச என்ற எழுத்தாலும் குறிப்போம். கச என்று சேர்த்து எழுதினால் வெள்ளை ஆடுகள் என்று பொருள்படும். வெள்ளையானவற்றுள் ஆடுகளைத் தேர்ந்தாலும், ஆடுகளுள் வெள்ளையானவற்றைத் தேர்ந்தாலும் கிடைப்பவை அவையே. எனவே கச = சக. எண்களைப் பெருக்கும்போதும் இவ்விதியே செல்லும் என்பதைச் சிறுவரும் அறிவர்.

ஆயினும் ஓரிடத்தில் எண் வேறு, சொல் வேறு. வெள்ளையானவற்றுள் மீண்டும் வெள்ளையானவற்றைத் தேர்ந்தால் புதிதாக எதுவும் கிடைக்காது. ஆகவே கக = க. தமிழில் பெரிய பெரிய மரங்கள் என்று அடுக்கிச் சொல்கின்றோம். அவ்வடுக்கு அழுத்தத்தையும் பன்மையையும் தருகின்றது. ஆனால் பெரிய மரங்களின் தொகுதியில் ஒரு மரத்தையும் கூட்டுவதில்லை, குறைப்பதும் இல்லை. எண்களுள் தன்னைத் தானே பெருக்கினும் மாறாதவை 0, 1 ஆகிய இரண்டு மட்டுமே. எனவே பூல் தம் கணிதத்தில் 0 என்பதற்கு எதுவும் இல்லை என்றும், 1 என்பதற்குப் பேசப்படும் பொருள்கள் யாவும் என்றும் பொருள் கொண்டார். வெள்ளையல்லாதவை 1 − க ஆகும். வெள்ளையாகவும் வெள்ளையல்லாததாகவும் ஒருசேர உள்ளது எதுவும் இல்லை என்ற பழைய தருக்க விதி க(1 − க) = 0 என்று ஒரே வரியில் அமைந்துவிட்டது.

இதில் நமக்கென்ன பயன் என்று இளைஞர்கள் கேட்கலாம். ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் உதவி என்று ஓர் அறிவிப்பு வருவதாகக் கொள்வோம். இதன்படி ஏழைகள் அனைவரும் பெறுவர். மாணவர்கள் அனைவரும் பெறுவர். இது கூட்டல். ஏழையாகவும் மாணவராகவும் இருப்பவருக்கு உதவி என்று எழுதினால் இரண்டு தன்மையும் உடையவரே பெறுவர். இது பெருக்கல். இரண்டிலும் உம் என்ற அதே இடைச்சொல் வருகின்றது. பொருளோ பெரிதும் வேறுபடுகின்றது. அல்லது என்ற சொல்லும் அத்தகையதே. இருவகையிலும் பொருந்துபவரை அது சேர்க்குமா, விலக்குமா என்பது தெளிவாக வேண்டும். சட்டத்திலும் ஆணையிலும் விண்ணப்பப் படிவத்திலும் இச்சிறு சொற்களே ஒருவரை உள்ளே விடுகின்றன, அல்லது வெளியே நிறுத்துகின்றன. அவற்றை உற்றுப் படிக்கத் தெரியாதவன் தன் உரிமையை இழப்பான்.

சொல்லும் பொருளும்

பூல் தம் நூலில் ஆராய்ந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது. பழைய யூத சமயச் சட்டத்தின்படி தூய விலங்கு எனப்படுவது குளம்பு பிளவுபட்டதும் அசைபோடுவதுமான விலங்கு. பூல் இதனை ஒரு சமன்பாடாக எழுதினார். பின்னர் அதிலிருந்து, அசைபோடும் விலங்குகள் யாவை என்ற வினாவுக்கு விடை கண்டார். தூய விலங்குகள் அனைத்தும் அவற்றுள் அடங்கும். குளம்பு பிளவுபடாத தூய்மையற்ற விலங்குகள் சிலவோ பலவோ அடங்கலாம், அடங்காமலும் போகலாம் என்பதே அவ்விடை. கணக்கு அதற்கு மேல் எதுவும் கூறாது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. தூய்மை என்ற சொல்லின் பொருள் அந்த விலங்கின் உடலில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு மக்கட்கூட்டம் வகுத்த இலக்கணத்தில்தான் அது உள்ளது. அவ்விலக்கணத்தை ஏற்றுக்கொண்டால் முடிவுகள் பிழையின்றிப் பின்தொடரும். ஏற்கலாமா என்பதைத் தருக்கம் கூறாது. தூய்மை, தீட்டு என்னும் சொற்களால் தலைமுறை தலைமுறையாக அடக்கப்பட்ட நமக்கு இவ்வேறுபாடு உயிர்நாடியானது. பிறப்பால் தாழ்ந்தவர் கற்கலாகாது. இவர் பிறப்பால் தாழ்ந்தவர். ஆகவே இவர் கற்கலாகாது என்று ஒருவர் வாதிட்டால், அதன் நடையில் பிழை காண இயலாது. க, ச என்று எழுதிப் பார்த்தாலும் கணக்குச் சரியாகவே வரும். பிழை முதல் இரண்டு வரிகளில் உள்ளது. கற்கலாகாது என்று வகுத்தவர் யார்? பிறப்பால் தாழ்வு என்ற சொல்லுக்கு மெய்யான பொருள் உண்டா? முடிவைக் கண்டு சினங்கொள்வதோடு நில்லாமல் இவ்வினாக்களை எழுப்புவதே அறிவுடையோர் செயல்.

பூல் வற்புறுத்திய மற்றொரு நெறியும் உண்டு. ஒரு குறிக்கு எப்பொருளை வேண்டுமானாலும் தொடக்கத்தில் கொடுக்கலாம். கொடுத்தபின் அவ்வாதம் முடியும்வரை அதே பொருளில் வழங்க வேண்டும். நம் நாட்டில் தகுதி என்ற சொல் படும் பாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர் தகுதியுடையவர் என்பர். தகுதியுடையவரே பணியைத் திறம்படச் செய்வார் என்பர். ஆகவே மதிப்பெண் குறைந்தவர் திறம்படச் செய்யார் என்று முடிப்பர். முதல் வாக்கியத்தில் தகுதி என்பது மதிப்பெண். இரண்டாவதில் அது செயல்திறன். ஒரே எழுத்துக்கு இடையில் பொருள் மாறிவிட்டது. கணிதத்தில் இவ்வாறு செய்யும் மாணவனுக்கு ஆசிரியர் சுழியம் இடுவார். மேடையில் செய்பவருக்குக் கைதட்டல் கிடைக்கின்றது.

பேராசிரியர் பூல்

அயர்லாந்தில் அரசு புதிதாக மூன்று கல்லூரிகளை நிறுவியபோது, அவற்றுள் கார்க் நகரக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியராகப் பூல் 1849இல் அமர்த்தப்பட்டார். பட்டம் ஏதும் இல்லாத ஒருவர் தம் ஆராய்ச்சியின் சிறப்பினாலேயே அப்பதவியைப் பெற்றார். கொடிய பஞ்சத்தில் அயர்லாந்து வாடிய காலம் அது. தம் மகன் பேராசிரியர் ஆனதைக் காணத் தந்தை ஜான் பூல் உயிரோடு இல்லை. அவர் 1848இலேயே மறைந்துவிட்டார்.

1855இல் மேரி எவரெஸ்ட் என்னும் அம்மையாரைப் பூல் மணந்தார். இந்திய நில அளவைத் துறையின் தலைவராக இருந்தவரும், உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குத் தம் பெயர் இடப்பெற்றவருமான ஜார்ஜ் எவரெஸ்டின் உடன்பிறந்தார் மகள் அவர். இருவருக்கும் ஐந்து பெண் மக்கள் பிறந்தனர். 1857இல் பூல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1864ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒருநாள் கொட்டும் மழையில் நடந்தே கல்லூரி சென்று, நனைந்த உடையோடு பாடம் நடத்தினார். குளிர் தாக்கி நுரையீரல் நோயுற்றார். டிசம்பர் 8ஆம் நாள் தம் நாற்பத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார். கைக்குழந்தையோடும் மற்ற நான்கு பெண்களோடும் மேரி அம்மையார் தனித்து விடப்பட்டார். அவர் மனந்தளரவில்லை. இலண்டனில் ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகராகப் பணியாற்றிக் குழந்தைகளை வளர்த்தார். சிறுவருக்குக் கணிதம் கற்பிக்கும் முறை பற்றி நூல்கள் எழுதினார். மகள் அலீசியா கல்லூரிப் படிப்பு இன்றியே நான்கு பரிமாண வடிவியலில் புதியன கண்டார். லூசி வேதியியல் அறிஞரானார். கடைசி மகள் எத்தெல் 1897இல் வெளியிட்ட புதினம் பல நாடுகளில் புகழ்பெற்றது. ஒரு தொழிலாளி வீட்டில் ஏற்றப்பட்ட கல்வி விளக்கு மூன்றாம் தலைமுறையில் பெண்களின் கையிலும் ஒளிர்ந்தது.

பின்விளைவு

பூலின் கணிதம் பல ஆண்டுகள் அறிஞர் சிலரால் மட்டுமே பயிலப்பட்டது. 1937இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்னும் இளம் மாணவர் தம் ஆய்வேட்டில், மின்சுற்றுகளின் திறப்பையும் மூடலையும் பூலின் 0, 1 கணிதத்தால் விளக்கலாம் என்று காட்டினார். இரு விசைகளை வரிசையாக இணைத்தால் இரண்டும் மூடினாலன்றி மின்னோட்டம் செல்லாது. பக்கவாட்டில் இணைத்தால் ஒன்று மூடினாலும் செல்லும். உம் என்பதும் அல்லது என்பதும் கம்பியிலும் விசையிலும் வடிவம் பெற்றன. இன்று நம் கைகளில் உள்ள தொலைபேசியும் அலுவலகக் கணிப்பொறியும் இவ்வடிப்படையிலேயே இயங்குகின்றன. கார்க் பல்கலைக்கழகத்தின் நூலகம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

இயந்திரம் கணக்கை மனிதரைவிட விரைந்து செய்யும். ஆனால் அதற்குக் கொடுக்கப்படும் முதல் வாக்கியம் நேர்மையானதா, அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் வகுத்தவர் யார் என்பவற்றைக் கேட்க வேண்டியவர் மனிதரே. அக்கேள்வியைக் கேட்கும் ஆற்றல் கல்வியால் வருவது. நம் இளைஞர்கள் மொழியை ஆழ்ந்து கற்க வேண்டும். கணிதத்தைக் கண்டு அஞ்சாதிருக்க வேண்டும். சங்கத்து நூலகத்தின் நூல்களைத் தூசி படிய விடாது எடுத்துப் படிக்க வேண்டும். எந்த வாதத்தைக் கேட்டாலும் முதல் வாக்கியத்தைத் தயங்காது சோதித்துப் பார்க்கும் பழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றுமாயின், அதுவே நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்குத் தக்க பயனாகும்.